நடு அறைப் புற்று

நடிபெட்டு,
12 ஜூன் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாரிஜா வணங்கி எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம். பம்பாயில் நீங்கள், அண்ணி, குழந்தை மமதா மூவரும் சுகம்தானே? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ஹோட்டல் கல்லாவிலேயே உட்கார்ந்து டீயைக் குடித்துக் காலம் தள்ளுகிறீர்களா?

மழை பிடிப்பதற்கு முன்பே மங்களூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். வீடு நமக்கு என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அதை ஒத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. அரிசிப் பெட்டியில் எலி. பரண்மேல் மரநாய், விடியும்வரை தடதடவென்று ஓடுகிறது. குரங்குகள் ஓட்டைப் பெயர்த்துப் போட்டதில் சமையலறையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. பாத்திரம் எல்லாம் ஒழுக்குக்கு வைத்துவிட்டு, சோறு வடிக்கப் பாத்திரம் தேடுகிறேன்.

இவர் இருக்கிறாரே, உங்கள் மாப்பிள்ளை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கிறார். "முப்பது வருஷம் பஸ்ஸுல டிக்கெட் செக் பண்ணினவன் நான். இந்த வீட்டுல ஏறினது ஒண்ணுகூட டிக்கெட் வாங்கல வாரிஜா. யாரை எறக்கி விடறது?" என்கிறார்.

அண்ணா, இதெல்லாம் குறை என்று எழுதவில்லை. ஊரில் மற்ற அண்ணன்மார்கள் தங்கைகளைக் கோர்ட்டுக்கு இழுக்கிற காலம் இது. நீங்கள் பாகப்பிரிவினையன்று எல்லார் முன்னாலும், "தாய் வீடு பொண்ணுக்குத்தான் சேரணும். எனக்கு ரோட்டோரத் தென்னந்தோப்பு போதும்" என்று சொன்னீர்கள். கையெழுத்துப் போடும்போது எனக்குக் கண்ணில் நீர் முட்டி எழுத்தே தெரியவில்லை. இவருக்கு ரிட்டயரானபோது வந்ததெல்லாம் இந்தக் கூரைக்கே போகட்டும் என்று வைத்துவிட்டோம். இனி எங்களுக்கு வேறு வீடு இல்லை, வேண்டியதும் இல்லை.

சாவி கொடுத்தபோது நீங்கள் காட்டிய நடு அறைப் புற்று இப்போது என் இடுப்பு உயரம். ஜோசியர் சொன்னதாக நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். நாகனே வந்து உட்கார்ந்த இடத்தில் இரும்பு படவில்லை, மருந்து தெளிக்கவில்லை, சுவர்ப் பலகையைக் கழற்றவில்லை. தினமும் விளக்கு வைத்துப் பால் ஊற்றுகிறேன். நாகன் இருக்கிற கூரைக்குக் கீழே மீன் வேண்டாம் என்று நானாகவே நிறுத்திவிட்டேன். நம் ஆட்கள் வீட்டில் மீன் இல்லையென்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாதா! இவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பலகைக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்கிறது. அது நாகன்தானே?

அண்ணிக்கு என் அன்பு. மமதாவுக்கு முத்தம்.

உங்கள் தங்கை,
வாரிஜா

*

பம்பாய்,
9 ஜூலை 1983

அன்புள்ள வாரிஜாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். இடுப்பு வலிதான் எனக்குப் பழைய கதை. மாப்பிள்ளை சேஷப்ப ரையைக் கேட்டதாகச் சொல்லு.

எலிக்குப் பூனை வளர்க்கலாம். மரநாய் தானாகப் போகும். பழைய வீடு என்றால் நாலு இருக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் பம்பாய்க்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நடு அறை விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தப்பக் கூடாது. பலகையைக் கழற்றாதே. சத்தம் கேட்டால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடு. தச்சன், மருந்துக்காரன் என்று எவனையும் உள்ளே விடாதே. நாக கோபம் ஏழு தலைமுறைக்கும் விடாது. நீ மீனை நிறுத்தியது நல்ல காரியம். அம்மா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இங்கே வியாபாரம் சுமார்.

கருணாகர ஷெட்டி

*

நடிபெட்டு,
18 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்கள் எல்லாரும் நலமா? இடுப்புக்குத் தைலம் பாட்டிலில் ஊற்றி மெழுகு வைத்து அனுப்பியிருக்கிறேன், அண்ணியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஜலதோஷம், தும்மல் தவிர வேறொன்றுமில்லை.

நாகபஞ்சமியைப் பிரமாதமாகக் கொண்டாடினோம். விஷயம் காதுக்குக் காது பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் இளநீரும் பாலும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "கொடுத்து வச்சவ நீ வாரிஜாக்கா, நாங்க நாக வனத்துக்குப் போய்க் கும்பிடறோம், உனக்கு அவரே வீடு தேடி வந்திருக்கார்" என்றாள் பக்கத்து வீட்டுக் கல்யாணி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கண்ணன் பார்த்து வைத்த இடம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

உங்கள் மாப்பிள்ளை லட்சணத்தைக் கேளுங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் புகை வருகிறதே என்று போனால், மனுஷன் மூன்று கல்லைக் கூட்டி மத்தி மீன் பொரித்துக்கொண்டிருக்கிறார். "கொட்டாய்க்குக் கூரை வேற, வீட்டுக்குக் கூரை வேற. நாகனுக்கும் சட்டம் தெரியும்" என்கிறார். பசுமாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. திட்டிவிட்டு வந்தேன். வாசனை மட்டும் சாயங்காலம் வரை என்னை விடவில்லை, அதை உங்களிடம் சொல்லுவதற்கு என்ன.

ஆனால் அண்ணா, மனதில் ஒரு கவலை. நேற்று நடு அறைக் கதவுத் தாழ்ப்பாளை இழுத்தேன், நிலையோடு கையில் வந்துவிட்டது. வெளியே பார்த்தால் வர்ணம் பளபளவென்று இருக்கிறது, உள்ளே வெறும் மண். அம்மாவின் துணி அலமாரியைத் திறந்தேன். கல்யாணப் புடவை முதற்கொண்டு அத்தனையும் செம்மண் கட்டியாக இருந்தது. தொட்டதும் உதிர்ந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். விளக்கு வைத்தால் ஈசல் கூட்டம் கூட்டமாக அந்தப் பலகை இடுக்கிலிருந்துதான் வருகிறது.

நடு அறையைத் தொட மாட்டேன். மற்ற அறைகளுக்கு மட்டும் கரையான் மருந்துக்காரனை மங்களூரிலிருந்து கூப்பிடலாமா? மூத்தவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

தோப்பில் யாரோ சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க் வரப்போகிறதாம், ரோடு அகலமாகிறதாம். நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே! உங்கள் நல்ல மனசுக்குக் கடவுள் கொடுக்கிறார், அனுபவியுங்கள்.

அன்புடன்,
வாரிஜா

*

நடிபெட்டு,
30 செப்டம்பர் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன். தைலம் வந்து சேர்ந்ததா?

நடு அறை மச்சு இப்போது நடுவில் தொங்குகிறது. மேலே நடந்தால் கீழே மண் கொட்டுகிறது. புற்று என் தோளுக்கு வந்துவிட்டது.

வீட்டில் இதனால் தினம் சண்டை. இவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "கரையானுக்குப் பால் ஊத்தற பொம்பளைய நான் எங்கேயும் பாத்ததில்ல. தள்ளு, ஒரே போடுல முடிச்சிடறேன்" என்றார். நான் குறுக்கே படுத்தேன். "எங்கண்ணன் சொல்லு மேல கை வைக்கணும்னா என் மேல வைங்க" என்றேன். கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போனவர், போகிற போக்கில், "உங்கண்ணன் ஒரு வார்த்தை பதில் எழுதினா அவருக்கு விரல் தேஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மருந்துக்காரனை வரச் சொல்லட்டுமா வேண்டாமா, அது ஒன்றுக்காவது எழுதுங்கள்.

வாரிஜா

*

பம்பாய்,
24 அக்டோபர் 1983

அன்புள்ள வாரிஜாக்காவுக்கு,

நளினாட்சி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்களும் சேஷப்ப அண்ணாவும் நலமா? உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. தைலமும் வந்தது, உடையாமல் வந்ததே அதிசயம். இவர் பதில் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். பெட்ரோல் பங்க் விஷயமாக ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். அதனால் நானே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மமதாவுக்கு உள்ளங்கையில் தோல் உரிகிறது. டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்களாம், அழுகிறாள்.

அக்கா, நீங்கள் மச்சு தொங்குகிறது என்று எழுதியதைப் படித்தேன். அந்த அறையில் தயவுசெய்து படுக்காதீர்கள். அத்தை காரியத்துக்கு வந்திருந்தோமே, அப்போது இவர் தச்சனைக் கூட்டிவந்து ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிப் பார்த்தார். ராத்திரி என்னிடம், "மமதாவை நடு ரூம்ல படுக்க விடாதே. மேல இருக்கிறது மரமில்ல, வெறும் தோலு" என்று சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, நானும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு என்ன பலகாரம்? பலா இலைக் கிண்ணத்தில் வேகவைப்பீர்களே, அந்தக் கொட்டே இட்லி உங்கள் கையால் வேண்டும் என்கிறாள் மமதா.

உங்கள்,
நளினாட்சி

*

நடிபெட்டு,
8 நவம்பர் 1983

அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். மமதாவின் கைக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் போதாது, டாக்டர் சொன்னதை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

நாகன் வந்திருக்கிறான் என்று சொன்ன ஜோசியர் யார்? அம்மா காரியத்துக்கு முன்னால் சொன்னாரா, பின்னால் சொன்னாரா?

இது மட்டும் தெரிந்தால் போதும்.

வாரிஜா

*

பம்பாய்,
15 டிசம்பர் 1983

வாரிஜாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே நலம்.

உன் கடிதத்தின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இது நீ எழுதியதா, உன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதா? பஸ்ஸில் ஏறினவனையெல்லாம் சந்தேகப்பட்டே பழகியவர், அவருக்குப் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் தங்கைக்கு நடுவில் அவருக்கு என்ன வேலை?

ஜோசியர் வேறு யார், நம் வெங்கப்பய்யர்தான். என்றைக்குச் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்றெல்லாம் விசாரணை வைத்தால் நாகனையே சந்தேகப்படுவதாக ஆகும். அந்தப் பாவம் உன்னோடு போகட்டும், என் குடும்பத்தின் மேல் வராமல் பார்த்துக்கொள்.

ராஜா வீடு மாதிரி ஒரு வீட்டைத் தூக்கிக் கொடுத்தேன். ஊரே மெச்சியது. வாங்கினவளுக்குத்தான் மனம் நிறையவில்லை.

நளினாட்சிக்கு இனி வீட்டு விஷயம் எதுவும் எழுத வேண்டாம்.

கருணாகர ஷெட்டி

*

நடிபெட்டு,
27 ஜனவரி 1984

கருணாகர ஷெட்டிக்கு,

சுகம் விசாரிக்கிற முறையை விடவில்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருங்கள். நாங்கள் சுகமாக இல்லை.

சங்கராந்திக்கு மறுநாள் சாயங்காலம் நடு அறையில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும் வைத்தேன் என்பதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நளினாட்சி எழுதியது ஒரு காதில் கேட்கிறது, நீ எழுதியது இன்னொரு காதில் கேட்கிறது. எங்கண்ணன் அப்படிச் செய்வானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரியை ஏற்றினேன். மேலே படபடவென்று சத்தம். நாகன் என்று நினைத்துக் கைகூப்பினேன். வாசலில் நின்ற இவர் ஒரே பாய்ச்சலில் வந்து என் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். உத்தரம் அவர் தோளில் இறங்கியது. ஓடும் மண்ணும் மேலே கொட்டி ஆளே தெரியவில்லை. கல்யாணி வீட்டு ஆண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தோள் எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது. வலது கை இனி தலைக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வெங்கப்பய்யர் வீட்டுக்குப் போனேன். என் தலையெல்லாம் இன்னும் மண். "சாமி, நாக கோபமா? நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க" என்று அவர் காலடியில் விழுந்தேன்.

அவர் திகைத்துப் போனார். "என்னம்மா சொல்றே? எந்த நாகன்?"

"எங்க நடு ரூம்ல வந்த நாகன். நீங்கதானே தொடக் கூடாதுன்னு எங்கண்ணன்கிட்டச் சொன்னீங்க?"

"நானா? உங்கம்மா காரியத்துக்கு நாள் குறிச்சுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் உங்கண்ணன் என் வாசல் மிதிக்கலயே! வீட்டுக்குள்ள புத்து வந்தா யாராவது அங்கேயே வச்சுக்குவாங்களா? ஒரு பூஜை பண்ணி, அவரை வனத்துக்குப் போகச் சொல்லி வேண்டிக்கிட்டு, மண்ணை எடுத்துக் கொண்டு போய் அங்க சேர்த்துடணும். சின்னக் குழந்தைக்கும் தெரியுமே இது? உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கும் தெரியும். நம் ஊரில் பிறந்த எவளுக்குத் தெரியாது? நீ வேறு மாதிரி சொன்னாய். அண்ணன் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததை நான் மறந்தேன்.

அவரே வந்து பூஜை செய்தார். பிறகு நான்தான் கடப்பாரையைத் தூக்கினேன். இவரால் முடியாதே. புற்றைப் பிளந்து அடிவரை தோண்டிப் பார்த்தேன். பாம்பு இல்லை, சட்டை இல்லை, முட்டை இல்லை. விரல் தடிமனில் வெள்ளையாக ஒரு ராணிக் கரையான் நெளிந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் இத்தனை மாதம் நான் பால் ஊற்றியிருக்கிறேன். அதற்குத்தான் ஊர்ப் பெண்களைக் கூட்டிவந்து இளநீர் அபிஷேகம் செய்திருக்கிறேன். கல்யாணி என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உனக்குத் தெரியும். தச்சன் தட்டிக் காட்டியபோதே தெரியும். வீடு கரையான் தின்ற கூடு, தோப்பில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது, இரண்டும் உனக்குத் தெரியும். பலகையைக் கழற்றினால் குட்டு வெளிப்படும். பத்திரம் பதிவாகி நாலு மழை போகும்வரை எவனும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கு ஒரு காவல்காரன் வேண்டும். ஊரில் எந்தக் காவல்காரனை நான் மீற மாட்டேன் என்று யோசித்து யோசித்துப் பிடித்திருக்கிறாய்.

தோப்பு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனே பாவி! அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்கிற வாயா எனக்கு? வீடு போனால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இருப்போம். ஆனால் நான் கும்பிட்டேன். நீ பம்பாயில் உட்கார்ந்து, நான் இங்கே மண்ணைக் கும்பிடுவதைத் தெரிந்துகொண்டே, "நல்ல காரியம், அம்மா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்" என்று எழுதினாய். அதை எழுத உன் கை எப்படி வந்தது? எனக்கு அது மட்டும்தான் புரியவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

வாரிஜா

*

பம்பாய்,
19 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சேஷப்ப அண்ணாவின் தோள் இப்போது எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்தாயிற்றா? நலம் விசாரிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கு எழுதக் கூடாது என்று இவர் உங்களிடம் சொல்லியிருந்தாலும் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான்தான் பிரித்தேன். சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா, எங்கள் குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நாகன் என்று உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியாது. உத்தரம் கெட்டது உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மமதாவுக்கு இப்போது முழங்கை வரைக்கும் தோல் உரிகிறது. செதில் செதிலாக வருகிறது. இமையிலும் வந்துவிட்டது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, நாளாகும் என்கிறார். இவர் டாக்டரை நம்பவில்லை, இது நாக தோஷம் என்கிறார். குழந்தையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வெளுத்துப் போகிறது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்து, "அவன் பேர்ல சொல்லிட்டேனே, அவன் பேர்ல சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். இங்கே தாதரில் ஒரு ஜோசியரிடம் போய்விட்டு வந்தார். உங்களுக்கு எழுதப் போகிறாராம்.

நான் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. என் பெண்ணின் கை எரிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நளினாட்சி

*

பம்பாய்,
28 மார்ச் 1984

அன்புள்ள தங்கை வாரிஜாவுக்கு,

அண்ணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் தோள் குணமாகிவிடும். கேரளாவில் நல்ல வைத்தியர் இருக்கிறார், நான் ஏற்பாடு செய்கிறேன்.

என்னை 'நீ' என்று எழுதியிருந்தாய். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ஆயிரம் கவலை, அவசரத்தில் வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டது. பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. வயதில் மூத்தவன் சொல்வதில் முன்னே பின்னே இருந்தால் தங்கைதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மமதா விஷயம் உனக்குத் தெரியும். இங்கே ஜோசியர் சோழி போட்டவுடன், "நாகன் பேரைச் சொல்லி யாரை ஏமாத்தினீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை வாரிஜா, அவராகவே கேட்டார். நம் குடும்ப வனத்தில் பரிகார பூஜை செய்ய வேண்டுமாம். நான் தனியாகச் செய்தால் பலிக்காது. தாய் வீட்டை வைத்திருக்கும் பெண், குடும்பத்தின் சார்பில் என் பக்கத்தில் நின்று தன் கையால் பால் ஊற்ற வேண்டும். அவள் மனம் ஆறி ஊற்றினால்தான் குழந்தைக்கு இறங்குமாம்.

பெட்ரோல் பங்க் வருமானத்தில் பாதி உனக்கு எழுதித் தருகிறேன். வீட்டை மறுபடி கட்டித் தருகிறேன். பத்திரம் தயார் செய்யச் சொல்லிவிட்டேன். சித்திரை பிறந்ததும் வருகிறோம். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். குழந்தை உன்னை எப்படிக் கூப்பிடுவாள், நினைத்துப் பார்.

உன் அண்ணன்,
கருணாகரன்

*

நடிபெட்டு,
9 ஏப்ரல் 1984

கருணாகர ஷெட்டிக்கு,

நலம். இவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார். பாதி கீழே போகிறது, அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார். வீட்டில் நடுப்பகுதியை இறக்கிவிட்டோம். சமையலறையும் பக்கத்து அறையும் தப்பின, அதற்குள் இருக்கிறோம். கரையான் மருந்தும் அடித்தாயிற்று.

கேரளா வைத்தியர் வேண்டாம். பங்க் வருமானமும் வேண்டாம், கட்டித் தரவும் வேண்டாம். பத்திரம் கொண்டுவந்தால் கிழித்து அடுப்பில் போடுவேன். பூஜைக்குக் கூலி வாங்கினவள் என்று என்னை ஆக்காதே.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். "பச்சக் குழந்தை வாரிஜா. போய் ஊத்திட்டு வா" என்றார். உன்னால் கை போன மனுஷன் சொல்கிறார், கேட்டுக்கொள்.

நாகன் ஒரு குழந்தையைப் பிடித்து வதைப்பான் என்று நான் நம்பவில்லை. தகப்பன் செய்ததற்குப் பெண்ணைத் தண்டிக்கிறவனை நான் இத்தனை வருஷம் கும்பிட்டிருக்க மாட்டேன். மமதாவுக்கு வந்திருப்பது தோல் வியாதி. டாக்டர் மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று நளினாட்சியிடம் கண்டிப்பாகச் சொல். ஆனாலும் நீ பயந்து பயந்து குழந்தையின் கையைப் பார்க்கிறாயே, அந்தப் பார்வையே அவளைத் தின்றுவிடும். அது நிற்பதற்காகவாவது நான் வருகிறேன். வெங்கப்பய்யர் வைகாசி மாதத்தில் நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நீங்கள் கல்யாணி வீட்டில் தங்கிக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன். நளினாட்சியும் குழந்தையும் என்னிடம் சாப்பிடட்டும்.

வனத்தில் உன் பக்கத்தில் நிற்பேன். மனம் ஆறித்தான் ஊற்றுவேன். குழந்தையை நினைத்தால் எனக்கு ஆறாதது எதுவும் இல்லை. பூஜை ஆரம்பிக்கும்போது வெங்கப்பய்யர் குடும்பத்தார் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். மமதா பெயரைச் சொல்வேன். நளினாட்சி பெயரையும் இவர் பெயரையும் சொல்வேன். "அண்ணன் பேரு?" என்று கேட்பார். சின்ன வயதிலிருந்து எந்தக் கோயிலில் நின்றாலும் நான் முதலில் சொன்ன பெயர் அதுதான்.

எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்வேன். நீ பக்கத்தில்தான் நிற்பாய். குழந்தை பார்த்துக்கொண்டிருப்பாள், எதுவும் பேசாதே.

மமதாவுக்கு என் முத்தம்.

வாரிஜா